படகில் இருக்கிறவன்

ஜெமிமாவின் பதிலில் ரப்பர் வந்தது. அதுதான் முதலில் உறுத்தியது.

கிளைட்டன் கேட்டது சாதாரணக் கேள்வி. "கடலுக்கு அடியில ஒரு கதவு. நீ தொறந்துட்டே. உள்ள என்ன இருக்கு?" அவ்வளவுதான். ஜெமிமா மாப்பிள்ளையூரணியிலிருந்து பஸ் ஏறி வருகிறவள், பேக்கரியில் மக்ரூன் பெட்டி கட்டுகிறவள், கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தது கிடையாது. பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "ஒண்ணும் தெரியல அண்ணாச்சி. கலங்கலாக் கெடக்கு. வாயில ரப்பர் ருசி. எண்ணெய் நாத்தம் வேற," என்றாள்.

இந்தக் கதையில் ரப்பரே இல்லை. மூழ்கிப்போன நகரம், புதையல் தேடி இறங்கும் மூன்று பேர், மூச்சுக்கு மந்திரச் சிப்பி. கிளைட்டன் கட்டிய கதை அது. மேலே அவர்களுக்காக ஒரு படகு நிற்கிறது. படகில் ஒருவன் இருக்கிறான். அவனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

சிவப்பிரகாஷ் கொண்டுவந்த ஆட்டம் இது. அவனுக்குக் கண்டெய்னர் யார்டில் ஆபீஸ் வேலை, கிளைட்டனுக்கு அதே யார்டில் பெட்டிகளைச் சங்கிலி போட்டு இறுக்கும் வேலை. ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் கதைக்குள் ஆளாக இருந்து, தாங்கள் செய்வதை வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். நடத்துகிறவன் கேம் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மேல் கிளைட்டன் வீட்டு மாடி அறையில் ஆடுவார்கள்.

ஆரம்பத்தில் கிளைட்டன் மோசமாக நடத்தினான். எல்லாவற்றையும் அவனே சொல்வான். "ஏலே, ஆட்டம் நடத்துதியா, பிரசங்கம் வைக்கியா?" என்றான் சிவப்பிரகாஷ். "எங்களையும் வாயத் தொறக்க விடுல. பூசைக்கு வந்த மாதிரி இருக்கு."

அதன் பிறகு கிளைட்டன் மொபைலில் பார்த்துக் கற்றான். மொபைலில் பேசுகிறவன் எவனையும் அவன் லேசில் நம்புகிறவன் இல்லை. அவனவன் எதையோ விற்கத்தான் பேசுகிறான். ஆனாலும் இதை எழுதி வைத்துக்கொண்டான்: சொல்லாதே, கேள். ஆடுகிறவர் சொல்வதை வெட்டாதே, அதை நடந்ததாகவே எடுத்துக்கொள்.

தங்கச்சி பிலோமிக்காகத்தான் இந்தப் பாடெல்லாம். இரண்டு வருஷமாக வீட்டுக்குள் கிடந்தவளை இழுத்து வந்து உட்கார வைத்திருந்தான். போன வாரம் அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு திரும்ப வர வேண்டும் என்று வாரம் முழுவதும் பெட்டி மேல் நின்றுகொண்டே கதை யோசித்தான்.

அவள் புருஷன் கிளாட்வின் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவன். கீழே இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பது மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தக் கரையில் வழக்கம். தங்கச்சி விதவையாக எந்த அண்ணனும் கயிற்றை விட மாட்டான் என்கிற எண்ணம். அதை நம்பித்தான் கிளாட்வின் வாயில் ரப்பர் டியூபைக் கடித்துக்கொண்டு இறங்கினான். டியூபுக்குக் காற்று அனுப்பும் மோட்டார் படகில் ஓடியது. அப்படிக் குளிக்கத் தடை இருந்தது. தூரத்தில் ரோந்துப் படகு தெரிந்ததும் கிளைட்டன் மோட்டாரை நிறுத்தினான். தூண்டில்காரன் மாதிரிக் குந்தினான். கயிறு மூன்று தரம் இழுபட்டது. விட்டு, மறுபடியும் மூன்று. கயிற்றைக் குதிகாலால் மிதித்துக்கொண்டான். ரோந்துப் படகு போன பிறகுதான் தூக்கினான். உயிர் போயிருந்தது.

"மோட்டார் ஓடிக்கிட்டுத்தாம்ளா இருந்துச்சு. கயிறு அசையவே இல்ல. மாதா மேல ஆணை," என்றான் பிலோமியிடம். அவள் நம்பினாள். அவளுக்கு அவனும் அவனுக்கு அவளும்தான் மிச்சம். உண்மை தெரிந்தால் அதுவும் இல்லை.

"சிவா, உன் ஆளு என்ன செய்யுதான்?" கிளைட்டன் வேகமாகக் கேட்டான். ரப்பரைத் தாண்டிப் போய்விட வேண்டும்.

ஜன்னல் வழியே உப்பளக் காற்று பிசுபிசுப்பாக வந்து, மீன் குழம்பின் மிச்ச வாசனையோடு கலந்து, கழுத்தில் ஈரத்துணி போல ஒட்டிக்கொண்டது. தலைக்கு மேல் மின்விசிறி கரகரவென்று ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பிரகாஷ் பகடையை உருட்டினான். இரண்டு விழுந்தது. கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தவன், மேஜையையே பார்த்தபடி, "சங்கு ஒண்ணு எடுத்தேன். நல்ல முத்தின சங்கு. பிலோமிக்குக் காட்டணும்," என்றான்.

"யாருக்கு?" என்றான் கிளைட்டன்.

"என்னது யாருக்கு?" சிவப்பிரகாஷ் விழித்தான். "நான் என்னல சொன்னேன்?"

ஜெமிமா சிரித்தாள். பிலோமி சிரிக்கவில்லை.

அப்போது கரண்ட் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி, தளர்ந்து, நின்றது. தெருவில் பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டாரும் நின்றது. அந்த அமைதியைக் கிளைட்டனுக்குத் தெரியும். மோட்டாரை நிறுத்திய பிறகு வருகிற அமைதி.

"மோட்டார் நின்னுட்டு," என்றாள் பிலோமி.

"கரண்டு போயிட்டுளா."

"கரண்டு இல்லண்ணே. படகுல. என் ஆளு கீழ இருக்கான். காத்து வரல. மூணு தரம் இழுத்துட்டான்." அவள் குரலில் கோபம் இல்லை. ஆட்டத்தில் கேட்கிற மாதிரியே கேட்டாள். "படகுல இருக்கவன் என்ன செய்யுதான்?"

நல்ல கேம் மாஸ்டர் பதில் சொல்லியாக வேண்டும். படகில் இருக்கிறவன் அவனுடைய ஆள்.

"இழுக்கான்," என்றான் கிளைட்டன்.

"இல்ல," என்றாள் ஜெமிமா.

"இல்ல," என்றான் சிவப்பிரகாஷ்.

"அப்போ என் ஆளு மூச்ச அடக்குதான்," என்றாள் பிலோமி. வாயை மூடினாள். ஜெமிமாவும் மூடினாள். சிவப்பிரகாஷும்.

விளையாட்டு என்று கிளைட்டன் நினைத்தான். ஒரு நிமிஷம் போனது. வெயில் தரையில் கிடந்தது. காக்கா கத்தியது. மூன்று நெஞ்சும் அசையவில்லை.

"போதும்ளா. விடு."

மேஜையில் விரல்கள் தட்டின. மூன்று பேரும் ஒன்றாக. மூன்று தரம். விட்டு, மறுபடியும் மூன்று.

எழுந்து பிலோமியின் தோளைப் பிடித்து உலுக்கினான். தோள் குளிர்ந்திருந்தது. அவள் அசையவில்லை. கண்கள் அவன் வாயையே பார்த்தன. மறுபடியும் தட்டினாள். கேட்கிறாள். என்ன செய்கிறான்?

ஒரு வார்த்தை போதும். மிதித்தான். அவ்வளவுதான். சொன்னால் மூச்சு விடுவாள். சொன்னால் தெரிந்துவிடும்.

ஒருவேளை அவளாகவே விட்டுவிடுவாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்ச நேரம்.

சிவப்பிரகாஷின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. காற்றில்லாத அறையில் பிலோமியின் கூந்தல் தோளை விட்டு எழும்பியது. மெதுவாக. முடி முடியாக. ஜெமிமாவின் பின்னலும் மேலே மிதந்தது.

சிவப்பிரகாஷின் விரல் நின்றது.

ஜெமிமாவின் விரல்.

பிலோமி மட்டும் தட்டினாள். மூன்று.

கிளைட்டன் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு.

கூந்தல் தலைக்கு மேல் விரிந்து, இல்லாத நீரில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று.