நீக்கிய நொடிகள்

எல்லோரும் கேமராவைப் போட்டிருந்தார்கள்.

இரண்டு வருடமாக அவள் கெஞ்சிப் பார்த்திருக்கிறாள், மிரட்டிப் பார்த்திருக்கிறாள். நெட் இழுக்குது மிஸ், கேமரா உடைஞ்சிடுச்சு மிஸ், தம்பி தூங்குறான் மிஸ். கருப்புக் கட்டங்களைப் பார்த்தே இயற்பியல் நடத்திப் பழகியிருந்தாள். இன்று காலை பத்து மணி வகுப்பில் நாற்பத்திரண்டு கட்டங்களிலும் நாற்பத்திரண்டு முகங்கள். அதில் ஒன்று அவளுடைய மகள். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து நாளில் பரீட்சை.

"அதிசயமா இருக்கே! இன்னைக்கு யாருக்கும் நெட் இழுக்கலையா?"

யாரும் சிரிக்கவில்லை.

"சரி. மேல எறிஞ்ச பந்து உச்சியில ஒரு கணம் நிக்குதுல்ல? அப்ப அதோட முடுக்கம் என்ன? பூஜ்யமா, இல்லையா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். எப்போதும் எட்டு எண்ணுவாள். கேட்டவுடன் பதில் சொல்கிறவனுக்கு அது முன்பே தெரியும். தெரியாதவனுக்குக் கேள்வி புரிய இரண்டு நொடி வேண்டும். நினைவைத் துழாவ மூன்று நொடி. 'தப்பா இருந்தா சிரிப்பாங்களே' என்ற பயத்தைத் தாண்ட இன்னும் மூன்று. அந்த எட்டு நொடியில்தான் ஒரு பிள்ளை உண்மையில் படிக்கிறது என்பது அவளது இருபது வருட அனுபவம். கட்டைவிரலால் இடது கை விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவாள். தலை தானாக இடப்பக்கம் சாயும், ஒரு புருவம் உயரும். பிள்ளைகள் அதைப் பண்ணிக்காட்டிக் கேலி செய்வதுகூட உண்டு.

எட்டு முடிந்தது. பதில் இல்லை. காதில் மாட்டியிருந்த இயர்போனில் காகிதத்தோடு காகிதம் உரசுவதுபோல ஏதோ ஒன்று மட்டும், மெல்ல, ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ மைக்கை உரசுகிறார்கள் என்று நினைத்தாள்.

"என்ன, வாயைப் பூட்டிட்டு சாவியை எங்க போட்டீங்க? ஒருத்தருக்குமா தெரியாது? போன மாசம்தானே மூணு தடவை நடத்தினேன்?"

நாற்பத்திரண்டு முகங்களும் அவளையே பார்த்தன. எல்லாத் தலைகளும் கொஞ்சம் சாய்ந்திருந்தன. திமிர் என்று அவளுக்குப் பட்டது. வகுப்பைப் பாதியில் முடித்து மடிக்கணினியைப் படாரென்று மூடினாள்.

மகளின் கதவைத் தட்டி, "ஏன்டி, உனக்குமா பதில் தெரியல? வீட்டுக்குள்ளயே மானத்தை வாங்குறியா?" என்று கத்தினாள். உள்ளே சத்தமில்லை. நான்கு நாளாகவே இப்படித்தான். சாப்பிட வா என்றால் நின்று, யோசித்து, அப்புறம் வருவாள். நேற்று இடது கைக்கு பிளாஸ்டர் கேட்டாள். என்னாச்சு என்றதற்கு வெகுநேரம் கழித்து, "பேப்பர் கிழிச்சிடுச்சும்மா" என்றாள். ஒரு விரலுக்கா என்றால் இல்லை, நாலு விரலுக்கும். "கவனம் எங்க இருக்கு உனக்கு?" என்று அதற்கும் திட்டு வாங்கினாள்.

கைபேசி அடித்தது. அவள் பதிவு செய்து கொடுத்த பாட வீடியோக்களை இணையத்தில் ஏற்றுகிற ஒருங்கிணைப்பாளர். எதைக் கேட்டாலும் புள்ளிவிவரத் திரையான டாஷ்போர்டில் இருக்கிறது என்பார் என்பதால் ஆசிரியர்கள் அவருக்கு வைத்த பெயரே டாஷ்போர்டு.

"மேடம், வாழ்த்துகள்! உங்க வீடியோவை நூறு சதவீதம் பார்த்திருக்காங்க. வேற யாருக்கும் இந்த நம்பர் இல்ல."

"நம்பர் இருக்கட்டும் சார். ஒருத்தனும் வாயே திறக்க மாட்டேங்குறான்."

"அதெல்லாம் பரீட்சை டென்ஷன் மேடம். வீடியோவைக் கொஞ்சம் டிரிம் பண்ணினோம், அதான் இந்த ரிசல்ட்டு. உங்க பாடத்துல டெட் ஏர் ரொம்ப இருந்துச்சு. கேள்வி கேட்டுட்டு சும்மா நிக்கிறீங்க."

"சும்மா நிக்கிறேனா? அது பிள்ளைங்க யோசிக்கிற நேரம் சார்!"

"யோசிக்கணும்னா நிறுத்தி வைக்க பாஸ் பட்டன் இருக்கே மேடம்."

"யாரைக் கேட்டு வெட்டுனீங்க?"

"யாரும் வெட்டல மேடம், டூல்தான் வெட்டுச்சு. நாலு நாள் முன்னாடி எல்லாத்தையும் ஒரே கிளிக்ல பப்ளிஷ் பண்ணினேன்."

"நீங்க ஒரு நாள், ஒரே ஒரு நாள், வகுப்புல நின்னு பாருங்க. அப்புறம் வந்து எனக்கு பட்டனைச் சொல்லிக் கொடுங்க!"

துண்டித்துக் கைபேசியை மேசைமேல் எறிந்தாள். அவ்வளவு கோபம்.

வெட்டிய விதத்தைப் பார்த்துவிடுவோம் என்று மடிக்கணினியை மீண்டும் திறந்தாள். அந்தக் கருவி வேலை செய்யும் விதம் எளியது, கோபத்திலும் அவளால் அதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. குரலை அது மலையும் சமவெளியுமாக வரைந்துகொள்ளும். பேசினால் மலை, பேசாவிட்டால் சமவெளி. சமவெளி ஒரு நொடிக்குமேல் நீண்டால் அதை அறுத்து, இரு மலைகளையும் ஒட்டிவிடும். அறுத்ததைத் தூக்கி எறியாது. யாராவது திரும்பக் கேட்டால் வேண்டுமே என்று, துண்டுகளை வரிசையாகக் கோத்து ஒரே கோப்பாக வைத்திருக்கும். பட்டியலின் அடியில் அது இருந்தது. 'நீக்கியவை. ஆறு மணி பதின்மூன்று நிமிடம்.'

நூற்று நாற்பது பாடம். பாடத்துக்கு இருபது கேள்வி. கேள்விக்கு எட்டு நொடி. கணக்கு சரியாக வந்தது.

அந்த மனிதர் ஒரே கிளிக்கில் அதையும் சேர்த்து வெளியிட்டிருந்தார். கடைசிப் பாடம் முடிந்ததும் அடுத்த வீடியோவாக அதுவே ஓடத் தொடங்கும்.

ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழும் ஒரு கோடு இருக்கும், எத்தனை பேர் எந்த நிமிடம் வரை பார்த்தார்கள் என்று. எந்தப் பாடமானாலும் அந்தக் கோடு சறுக்குமரம் போலச் சரியும். யாராவது சலித்துப் போவார்கள், யாருக்காவது பசிக்கும். இதன் கோடு சரியவே இல்லை. முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை நாற்பத்திரண்டு. அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல.

ஒவ்வொருவரும் ஒன்பது தடவை பார்த்திருந்தார்கள். ஐம்பத்தாறு மணி நேரம். நான்கு நாளில்.

நாளுக்குப் பதினான்கு.

வீட்டில் மின்விசிறி சுற்றும் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. வீடியோவை ஓடவிட்டாள்.

திரையில் அவளே நின்றாள், பதிவு அறையின் சாம்பல்நிறப் பஞ்சுச் சுவருக்கு முன், தலை இடப்பக்கம் சாய்ந்து, ஒரு புருவம் உயர்ந்து, கட்டைவிரல் கணுக்களில் ஊர, வாயை மூடியபடி. எட்டு நொடிக்கு ஒருமுறை உடை மாறியது, வெளிச்சம் மாறியது, நிற்பது மட்டும் மாறவில்லை. கேள்விகள் பாடங்களிலேயே தங்கிவிட்டிருந்தன. 'சரி, நானே சொல்றேன்' என்று எட்டாவது எண்ணுக்குப் பிறகு அவள் வழக்கமாகச் சொல்வதும் அங்கேயே தங்கிவிட்டது. இங்கே எஞ்சியிருந்தது காத்திருப்பு மட்டும். ஒரு காத்திருப்பு முடியுமுன் அடுத்தது, அது முடியுமுன் அடுத்தது, யாரும் ஒரு முறைகூடப் பதில் சொல்லாத இரண்டாயிரத்து எண்ணூறு காத்திருப்புகள்.

இழுத்துப் பார்த்தாள். இரண்டாம் மணியில் முகத்தில் பொறுமை இருந்தது. நான்காம் மணியில் இல்லை. உதடு இறுகியிருந்தது. பதிவு அறையில் அவள் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. கேமராமீது யார் கோபப்படுவார்கள்?

கடைசி மணிக்கு இழுத்தாள்.

உடை மாறவில்லை.

ஒட்டு இல்லை. வெட்டு இல்லை. ஒரே நிற்பு, ஒரு மணி நேரம். அவள் அப்படி நின்றதே கிடையாது. முகம் கேமராவுக்கு மிக அருகில் வந்திருந்தது. கட்டைவிரல் எட்டைத் தாண்டி, பன்னிரண்டைத் தாண்டி, மறுபடி முதலிலிருந்து.

மூடிவிட்டாள்.

"பாப்பா!"

பதில் இல்லை.

"பாப்பா, லேப்டாப்பை மூடு. வெளிய வா."

எண்ணக் கூடாது என்று நினைத்தாள். எண்ணினாள். எட்டு. ஒன்பது. எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள்.

ஜன்னல் திரை இழுத்துவிட்டிருந்தது. காற்றில் மருந்துப் பிளாஸ்டரின் வாடை. மகள் நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். திரையைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு புருவம் உயர்ந்திருந்தது.

"என்னடா? என்ன வேணும்?"

மகள் காத்திருந்தாள்.

"பசிக்குதா? அம்மா திட்டுனதுக்கா? இனிமே திட்ட மாட்டேன்டா."

அது பதில் இல்லை. மகளின் கண்களில் அது தெரிந்தது. ஏதோ கேட்கப்பட்டிருந்தது. இரண்டாயிரத்து எண்ணூறு கேள்விகளில் ஏதோ ஒன்று. எது?

பிளாஸ்டர்கள் தரையில் கிடந்தன. சுருண்டு, பழுப்பேறி. மகளின் இடது கை மடியில் இருந்தது. கட்டைவிரல் ஊர்ந்தது. கணுக்களில் தோல் இல்லை. ஈரச் சிவப்பு. அதன் நடுவே ஏதோ வெள்ளையாக. காலையில் காதில் கேட்ட அந்த உரசல்.

அவள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். நிறுத்த முடியவில்லை. பிடிக்குள்ளேயே விரல் நகர்ந்தது. ஐந்து. ஆறு.

"விசை... நிறை பெருக்கல் முடுக்கம்," என்றாள் அம்மா. வாய்க்கு வந்த பதில்களையெல்லாம் அடுக்கினாள். "ஒளியோட வேகம்... நொடிக்கு மூணு லட்சம் கிலோமீட்டர்." ஏழு. "பந்து! உச்சியில... பூஜ்யம் இல்ல. நிக்கிற மாதிரி தெரியும், ஆனா இழுக்குறது நிக்காது. பூஜ்யம் இல்லடா!"

எட்டாவது கணுவில் கட்டைவிரல் நின்றது.

நிற்பதுபோல் தெரிந்தது.

கூடத்தில், அவள் மூடிவைத்த மடிக்கணினிக்குள்ளிருந்து உரசல் கேட்டது. நாற்பத்தொரு கைகள். மகளின் உதடு மெல்ல இறுகியது. அந்தக் கோபம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். புருவம் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. கட்டைவிரல், அவள் பிடிக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு, ஒன்பதாவது கணுவுக்குப் போனது.