நாக்குக்கு இடமில்லை

முதலில் அது ஒரு கொய்யா விதை அளவுதான் இருந்தது. இடது கடைவாய்ப் பல்லுக்கு உள்பக்கம், நாக்கு நுனி எட்டித் தடவும் இடத்தில், வழவழப்பாக, கெட்டியாக ஒரு மேடு. பூங்காவனம் நாக்கால் நெருடி நெருடிப் பார்த்தாள். அசையவில்லை. கொய்யாப்பழம் தின்று வெகுநாளாயிற்று என்பது அப்புறம்தான் உறைத்தது. கொய்யா என்ன, வாயைத் திறந்தே வெகுநாளாயிற்று.

திருமழிசையில் பேக்கிங் வேலை முடிந்து வரும்போது ஷேர் ஆட்டோ கவிழ்ந்து அவள் தாடை நொறுங்கிப்போனது. பூந்தமல்லி ஆஸ்பத்திரியில், எலும்பு போன இடத்தில் நுங்கு மாதிரி ஒரு ஜெல்லை வைத்தார்கள். "ஹைட்ரோஜெல்மா. முக்காவாசி தண்ணிதான். இதைப் பிடிச்சுக்கிட்டு உங்க எலும்பே தானா வளரும். வளர்ந்ததும் இது கரைஞ்சிடும்," என்றார் டாக்டர் தேவிப்பிரியா. அதுவரை தாடை அசையக் கூடாதென்று மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார். வேறு மருந்து எதுவும் கொடுக்கக் கூடாது என்று அவள் புருஷன் கோதண்டத்திடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அயனம்பாக்கத்தில் பூங்காவனத்தின் வாய் தெரியாதவர்கள் கிடையாது. வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் ஏரிக்கரையில் மேயும் மாடு திரும்பிப் பார்க்கும். கோதண்டத்துக்கு அவளுடைய வசவில்தான் பொழுது விடியும். அந்த வாய் அடங்கிக் கிடந்ததை மனுஷனால் தாங்க முடியவில்லை. ஏரிக்கரை வேலியில் படர்ந்திருந்த பிரண்டையை மடி நிறையப் பறித்துவந்தான். எலும்பு உடைந்தால் பிரண்டை. அவன் வீட்டில் அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. நார் உரித்து, நல்லெண்ணெயில் வதக்கி, புளி வைத்து அரைத்து, கஞ்சியில் கரைத்து, விபத்தில் விழுந்துபோன பல்லின் சந்தில் ஸ்ட்ராவைச் செருகினான்.

"டாக்டரம்மா மருந்துதான் கூடாதுன்னாங்க. பிரண்டை இன்னா மருந்தா? தொவையல்மே அது," என்றான். பாவம், அதில் அவனுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

அன்று மத்தியானம் அவன் வெளியே போனபிறகு பூங்காவனம் கட்டிலில் தனியாகக் கிடந்தாள். மின்விசிறி கறகறத்தது, பக்கத்துப் பிளாட்டில் குக்கர் கூவி ஓய்ந்தது, திரைச்சீலையின் நிழல் சுவரில் ஏறி இறங்கியது, இவை எல்லாவற்றுக்கும் அடியில், பிரண்டையைக் கணுவில் ஒடித்தால் வருமே, மடக்கென்று, அந்தச் சத்தம் கேட்டது. கோதண்டம் திரும்பிவிட்டான் போலிருக்கிறது என்று அடுக்களைப் பக்கம் பார்த்தாள். யாருமில்லை. மறுபடியும் மடக். இந்தத் தடவை அவளுக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் காது வழியாக வரவில்லை. தலைக்குள்ளிருந்து வந்தது. வாய் முழுக்க நனைந்த சுண்ணாம்பின் வாடை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கஞ்சிக்கும் அந்தச் சத்தம் வந்தது. விதை மொச்சைக் கொட்டை ஆயிற்று. மொச்சை ஒரு வரப்பாக நீண்டு அண்ணத்தின் குறுக்கே போயிற்று. நாக்கை நிமிர்த்தினால் இடித்தது. புரட்டினால் இடித்தது. வெளியே கன்னம் மட்டும் வீக்கம் வடிந்து லட்சணமாக இருந்தது.

போனில் தட்டிக் காட்டினாள். கோதண்டம் எழுத்துக் கூட்டிப் படித்தான். உள்ளே வளருது.

"வளருதா! ஆத்தா, தாயே!" காலண்டரில் இருந்த அம்மனைப் பார்த்துக் கும்பிட்டான். கண் கலங்கிவிட்டது. அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள், கட்டிலில் ஓங்கி அடித்தாள், பிரண்டை வேணாம் என்று தட்டினாள்.

"நாக்கு நமநமங்குதா? புளி கூட ஊத்தித் தரேன்மே."

ஆஸ்பத்திரி போலாம் என்று தட்டினாள்.

"வெள்ளிக்கெயமதானே கம்பி அவுக்க வரச் சொல்லிகிறாங்க. அதுவரைக்கும் பொறுத்துக்க."

உதட்டை இறுக்கிக்கொண்டாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை பிடிவாதமாகக் கிடந்தாள். அவன் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "நீ துன்னாம கெடந்தா நான் இன்னா பண்ணுவேன், சொல்லு." பசி ஒரு பக்கம், அந்த முகம் ஒரு பக்கம். குடித்தாள்.

மடக். மடக்.

வியாழக்கிழமை ஸ்ட்ரா நுழையவில்லை. பல் விழுந்த சந்தே இல்லை. நாக்கு நகரவில்லை. தட்டையாக, கீழே, அழுந்திக் கிடந்தது. எச்சிலை விழுங்க முடிந்தது. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை டாக்டர் சிரித்த முகமாக வந்தார். கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துத் தட்டில் போட்டார். "அவ்வளவுதாம்மா. இப்ப மெதுவா வாயைத் திறங்க."

பூங்காவனம் உயிரைக் கொடுத்துத் திறந்தாள். தாடை இம்மியும் அசையவில்லை.

"பயப்படாதீங்க." டாக்டர் உதட்டை விலக்கி விளக்கை அடித்தார். சிரிப்பு நின்றது. அவருடைய மூக்குக்கண்ணாடியில் பூங்காவனத்துக்குத் தன் வாய் தெரிந்தது. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் இருக்க வேண்டிய கோடு இல்லை. ஒரே வெள்ளை. காதோரம்வரை, கணுக் கணுவாக, ஒரே வெள்ளை. டாக்டரின் விரல் மெல்லப் பின்வாங்கியது.

பின்னால் நின்ற கோதண்டத்துக்கு எதுவும் தெரியவில்லை. கையில் பிளாஸ்க்கோடு எட்டி எட்டிப் பார்த்தான்.

"இன்னாமே, அதான் அவுத்துட்டாங்க இல்ல? ஊடே செத்துக் கெடக்குது. ஒரு வார்த்தை திட்டு. ஒரே வார்த்தை."

திட்ட வேண்டும். அலற வேண்டும். அவள் மூக்கால் மூச்சை இழுத்தாள்.

மடக்.

இழுத்த மூச்சு பாதியில் தட்டியது. இடது மூக்குத் துளைக்குள், வழவழப்பாக, கெட்டியாக, ஒரு கொய்யா விதை அளவுக்கு.