தற்செயலாகப் பார்த்த மாதிரி

கல்லிடைக்குறிச்சி ஆற்றங்கரையில் இருக்கிற மேலக்கரை பங்களாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். ஒரு பக்கமிருந்து தலை நிறையப் பிச்சிப்பூவோடு ஒரு பெண் வருவாள். மறுபக்கமிருந்து மடிப்புக் கலையாத சட்டையோடு ஒரு பையன் வருவான். தோட்டத்து மகிழ மரத்தடியில் இரண்டு வீட்டாரும் எதிர்ப்பட்டு, அடடே நீங்களா என்று ஆச்சரியப்படுவார்கள். பிடித்தால் சம்பந்தம். பிடிக்காவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை... மாடியில் மாட்டியிருக்கிற படங்களைப் பார்க்க வந்தோம், தற்செயலாகப் பார்த்தோம், அவ்வளவுதான்.

சுகன்யாவுக்கு இந்தத் தற்செயல்கள் எல்லாம் அத்துபடி. யாரோ ஒரு நெல் வியாபாரி அந்தக் காலத்தில் கட்டிய வீடு. இப்போது மாடியெல்லாம் ஓவியக்கூடம், கொல்லைப்புறமெல்லாம் ஊருக்குத் தோட்டம். வருகிறவர்களுக்குப் படங்களைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. தேக்குப் படிக்கட்டையும் கண்ணாடி ஓவியங்களையும் பற்றி மூச்சு விடாமல் பேசுவாள். ஆனால் மகிழ மரத்து பெஞ்சில் மட்டும் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

அன்றைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பெஞ்சில் ஒருவன் தனியாக இருந்தான். நனைந்துவிடுவானே என்று அவள் குடையோடு போய் அவனுக்கு இடப்பக்கம் நின்று, உள்ளே வரச் சொன்னாள். அவனுக்குக் காதில் விழவில்லை. பிறகு குடையைக் கண்டு சட்டென்று எழுந்து, சுற்றி வந்து, அவளுக்கு நேராக நின்றான்.

என்ன கண்கள் அவை... எதையும் ஒளித்து வைக்கத் தெரியாத கண்கள்.

"நீங்க ஒண்ணும் பேசுததுக்கு முன்ன நான் ஒரு விஷயம் சொல்லிருதேன்" என்றான். "எனக்கு எடது காது கேக்காது. மெஷின் வச்சிருக்கேன், அப்பவும் அரைகொறதான். இன்னைக்கு ஒரு நா கழட்டி வச்சிட்டுப் போலேன்னு அம்மா சொன்னாவ. நான் மாட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கேன்."

முடியை ஒதுக்கிக் காட்டினான். பெயர் பெருமாள்ராஜ், ஸ்ரீவைகுண்டத்தில் வாழை போட்டிருக்கிறான். போட்டோவைப் பார்த்து வந்த இடங்களெல்லாம் காதைப் பார்த்துத் திரும்பிப் போனதால், இந்த முறை போட்டோவே வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். பெண் நீலச் சேலையில் வருவாள் என்று மதினி சொன்னது மட்டும்தான் தெரியுமாம்.

சுகன்யா குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். நீலம். பங்களாவில் வேலை பார்க்கிற பெண்கள் எல்லோருக்கும் அதே நீலம்தான்.

அந்தப் பெண் தான் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இந்த பெஞ்சில் உட்கார்ந்து இவ்வளவு பச்சையாக உண்மை சொன்ன ஒருவனை அவள் பார்த்ததே இல்லை. இன்னும் கொஞ்சம் பேசட்டுமே என்று இருந்தது... அதற்குள் வாசல் பக்கமிருந்து குடைகளுக்கு அடியில் இன்னொரு நீலச் சேலை வந்துவிட்டது.

"நீங்க தேடுதது என்னை இல்ல. நான் இங்கன வேலை பாக்கேன்" என்றாள் அவசரமாக.

அவன் முகம் சுண்டிப் போயிற்று. "முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"மூச்சு விட எடம் குடுத்தாத்தான சொல்லுததுக்கு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். தப்பு தன்மேல் இருந்தால்தான் வாய் இப்படி நீளும்.

மாடி ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிந்தது. அவன் முடியை ஒதுக்கிக் காட்டினான். பெண்ணின் அப்பா தன் மனைவியைப் பார்த்தார். மழை வருது, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள், குடைகள் திரும்பின. அவன் நனைந்தபடி நின்று நிமிர்ந்து பார்த்தான். ஜன்னலில் அவள் இருப்பதைக் கண்டதும் விறுவிறுவென்று போய்விட்டான். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

இரண்டு வாரம் யாரும் அந்தக் கண்களோடு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, டிக்கெட் கொடுக்கிற காந்திமதிநாதன் அண்ணாச்சி மாடிக்கு ஆள் அனுப்பினார். ஒருத்தர் படம் பார்க்க வந்திருக்கிறாராம், சுற்றிக் காட்ட வேண்டுமாம்.

அவனேதான். வீறாப்பை விடாமல் முன்னால் நடந்து, கண்ணாடி ஓவியத்திலிருந்து தொடங்கிப் பாடம் ஒப்பித்தாள். அவன் ஒரு படத்தையும் பார்க்கவில்லை. தோட்டத்துப் பக்கம் இறங்கியதும், அன்றைக்குக் கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டான்.

"இன்னைக்கு யாரு வாராவ பொண்ணு காட்ட?" என்று கேட்டாள்.

"யாரும் வரல. நான்தான் வந்திருக்கேன்." பெஞ்சில் உட்கார்ந்தான். "அன்னைக்குப் பாக்க வந்த பிள்ளை மொகம் எனக்கு ஞாபகமே இல்ல. குடையோட வந்து நின்னது மட்டும் போக மாட்டேங்குது... உங்களுக்கு இஷ்டமில்லன்னா சொல்லிருங்க. படம் பாத்த மாதிரி போயிருதேன்."

போகச் சொல்லிவிடலாம். சுலபம். இரண்டு வருஷத்துக்கு முன் இதே பெஞ்சில் அவளையும் தற்செயலாக ஒரு வீட்டார் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இந்த இடத்தில் நிற்கவே கால் கூசும். வேண்டாம் என்று விட்டுப் போனவர்களை விட, தான் சொன்ன பொய்தான் அவளை இன்னும் சுட்டது.

அவள் பைய நடந்தாள். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்து, அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

"கேக்குதா?"

"கேக்குது."

"எங்க அப்பா எங்களை விட்டுட்டு வேற குடும்பத்தோட இருக்காரு. வெளியூர்ல வேலைன்னு சொல்லச் சொல்லி வீட்டுல சொன்னாவ. நானும் இங்கன உக்காந்து அப்படியே சொன்னேன். பத்திரிகை அடிச்ச பொறவு தெரிஞ்சு போச்சு. கல்யாணம் நின்னுட்டு." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "நீங்க உங்க காதைச் சொன்னப்போ... என்னால இப்படிச் சொல்ல முடியலையேன்னுதான் வாயடைச்சு நின்னேன்."

தூறல் தொடங்கியது. மகிழம்பூ ஒன்றிரண்டு அவள் மடியில் விழுந்தன. அவன் பெஞ்சின் விளிம்பில் கையை ஊன்றினான்.

போச்சு... எழுந்திருக்கப் போகிறான் என்று அவள் நினைத்தாள்.

"உங்க வீட்டுக்கு என்னைக்கு வரலாம்?" என்றான். "தற்செயலா இல்ல. அம்மாவக் கூட்டிட்டு, சொல்லிட்டே வாரேன்."

அவளால் நிமிர முடியவில்லை. மழைச் சத்தத்தில் அவளுக்கே கேட்காத குரலில், "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள்.

அவனுக்கு அது நன்றாகக் கேட்டது.