மணல் கடலில் நான்கு விடியல்கள்

"பேசு. ஆனா அளவாப் பேசு," என்றார் மிஸ்தோ மாமா.

"அளவுன்னா எவ்வளவு, மாமா?"

"நடுவுல மூச்சு விட இடம் வச்சுப் பேசு. உனக்கில்ல, கேக்கறவங்களுக்கு."

சுலாசி பலமாகத் தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் இப்போதே அளவு மீறிவிடுமோ என்று பயம்.

மாமாவின் நீல ஜீப்பில் வழக்கமாக வரும் வழிகாட்டிக்கு அன்று கல்யாணம். பள்ளிக்கூடமும் விடுமுறை. ஒரு வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்த சுலாசிக்கு, பதினோரு வயதில், ஒரு நாள் வழிகாட்டி வேலை கிடைத்துவிட்டது. அம்மாவின் தடித்த கைலியைத் தோளைச் சுற்றிப் போர்த்தி முடிச்சுப் போட்டுக்கொண்டு, முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாயிலிருந்து புகை புகையாக வந்தது. ஜூலை மாதம் பிரோமோ மலையில் அவ்வளவு குளிர்.

அன்றைய விருந்தாளிகள் இரண்டே பேர். சுரபாயா நகரத்திலிருந்து வந்த ராத்மினி அம்மாவும், அவர் கணவர் குனாடியும். விடுதி வாசலில் ராத்மினி மூன்றரை மணிக்கே தயாராக நின்றார். குனாடியைத்தான் மூன்று முறை எழுப்ப வேண்டியிருந்தது. மூன்றாவது முறை எழுந்தவர், காலணியை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். அதற்குள் மற்ற ஜீப்புகள் அநேகமாக எல்லாம் போய்விட்டன.

"மன்னிச்சுக்கப்பா," என்றார் ராத்மினி, மாமாவிடம். "இவர எழுப்பறதவிட எரிமலைய எழுப்பிடலாம்."

"நான் முழிச்சுத்தான் இருந்தேன். கண்ணு மட்டும் தூங்கிச்சு," என்றார் குனாடி.

சுலாசிக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க எப்பவும் சீக்கிரம் எந்திரிப்பீங்களாம்மா?"

"ரெண்டு மணிக்கு எந்திரிச்சிருவேன், கண்ணு. ரொட்டிக் கடையில அடுப்பு வேல. பத்தொம்போது வருஷமாச்சு. அந்த அறையில சன்னல் கிடையாது. ஏழு மணிக்கு நான் வெளிய வரும்போது சூரியன் கூரைக்கு மேல நிக்கும். தினமும் விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கிறேன். ஆனா சூரியன் எட்டிப் பாக்கறத ஒரு நாள்கூடப் பாத்ததில்ல."

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட. இன்னிக்கி ஒரு நாள்தான் லீவு. நாளைக்கு மறுபடியும் அடுப்பு."

சுலாசி வானத்தைப் பார்த்தாள். மேகமே இல்லை, நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. "இன்னிக்குப் பாப்பீங்க," என்றாள் உறுதியாக.

ஜீப் வளைந்து வளைந்து சரிவில் இறங்கியது. சுலாசி பின்னால் திரும்பி முட்டி போட்டுக்கொண்டாள்.

"இப்ப நாம ஒரு பெரிய அண்டாவுக்குள்ள இறங்கறோம். முன்னொரு காலத்துல இங்க ராட்சச எரிமலை ஒண்ணு இருந்துச்சு. உள்ள இருந்ததெல்லாம் வெளிய கொட்டினதும் நடு மலை அப்படியே உள்ள விழுந்திருச்சு. விளிம்பு மட்டும் சுவரு மாதிரி சுத்தி நிக்குது. எங்க ஊரு கிழக்குச் சுவரு மேல இருக்கு. அடியில பூரா மணல். அதத்தான் மணல் கடல்னு சொல்றோம். நடுவுல கிண்ணத்தக் கவுத்து வச்ச மாதிரி புகை விடுது பாருங்க, அதுதான் பிரோமோ. நாம கடலத் தாண்டி மேற்குச் சுவரு மேல ஏறப் போறோம். அங்கேருந்து பாத்தா…"

"மூச்சு," என்றார் மாமா.

சுலாசி மூச்சு விட்டாள்.

மணல் தொடங்கும் இடத்தில் மாமா வண்டியை நிறுத்தினார். சுலாசி குதித்து இறங்கி, ஒரு சிறு குச்சியால் டயரின் காற்று முனையை அழுத்தினாள். ஸ்ஸ்ஸ் என்று காற்று இறங்கியது.

"ஐயையோ, எதுக்கு நல்ல டயரக் கெடுக்கற?" என்றார் குனாடி.

"காத்து நிறைய இருந்தா டயரு உருண்டையா, விறைப்பா நிக்கும். மணல்ல கத்தி மாதிரி இறங்கிரும். கொஞ்சம் காத்து எடுத்தா யானக் காலு மாதிரி அகலமாப் பரவும். அப்பப் புதையாது. அந்தப் பக்கம் போனதும் மறுபடி காத்தடிச்சுக்கலாம்."

அப்போது பின்னாலிருந்து ஒரு மஞ்சள் ஜீப் பாம் பாம் என்று ஒலி எழுப்பிக்கொண்டு வந்தது. ஓட்டுநர் தார்ஜி, இருபது வயது இளைஞன், தலையை வெளியே நீட்டினான்.

"மிஸ்தோ அண்ணே! உங்க வண்டி இன்னும் உசுரோடவா இருக்கு?"

"காத்து எறக்கிட்டுப் போடா!" என்று கத்தினார் மாமா.

"எறக்கி, அப்புறம் ஏத்தி… பத்து நிமிஷம் வீணு!" மஞ்சள் ஜீப் மணலைப் பின்னால் வாரி வீசிவிட்டு மறைந்தது.

அது அதிக தூரம் போகவில்லை. கடலின் நடுவில் நான்கு சக்கரமும் பாதி புதைந்து, முதலை மாதிரி வயிற்றால் படுத்துக் கிடந்தது. அதில் வந்த நான்கு கல்லூரி மாணவர்கள் குளிரில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

மணல் கடலில் ஒரு வழக்கம் உண்டு. புதைந்த வண்டியைக் கண்டால் நின்றே ஆக வேண்டும். எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் நிற்காமல் போனவருடன் மறுநாள் எந்த ஓட்டுநரும் தேநீர் குடிக்கமாட்டார்.

மாமா ராத்மினியைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா, கொஞ்சம் நேரமாகும்…"

"என்னப்பா என்னக் கேக்கற? இறங்கு, இறங்கு," என்ற ராத்மினி அவருக்கு முன்னால் இறங்கிவிட்டார்.

கொஞ்சம் நேரம் என்பது முக்கால் மணி நேரமாகிவிட்டது. தார்ஜி பதற்றத்தில் சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி, தனக்குத் தானே குழி தோண்டியிருந்தான். மாமா மண்வெட்டியால் வெட்டினார். மாணவர்கள் கையால் வாரினார்கள். சுலாசி நான்கு டயரிலும் காற்றை இறக்கினாள். ராத்மினி, மாவு பிசைந்து உரமேறிய தோளை வண்டியின் பின்பக்கம் கொடுத்தார்.

"ஒண்ணு, ரெண்டு, தள்ளு!"

மஞ்சள் ஜீப் ஒரு குதி குதித்து மேலே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தார்ஜி மட்டும் தலையைச் சொறிந்தான்.

"பத்து நிமிஷம் மிச்சம் பண்ணினியே, எங்க வச்சிருக்க?" என்று கேட்டார் மாமா.

"சாரிண்ணே."

சிரிப்பு அடங்கியதும்தான் சுலாசி நிமிர்ந்து பார்த்தாள். கிழக்கு வானம் வெளுத்திருந்தது. எதிரே மேற்குச் சுவரில், மலைப் பாதை நெடுக ஜீப் விளக்குகள் அசையாமல் நின்றன. மேலே போன வண்டிகளெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நின்று பாதையை அடைத்துவிட்டன.

"இப்பப் போனா கடைசி வளைவுலதான் இடம் கிடைக்கும்," என்றார் மாமா மெதுவாக. "அங்கேருந்து மரம்தான் தெரியும். மேல நடந்து போறதுக்குள்ள சூரியன் வந்துரும்."

ராத்மினி சிரித்தார். "பரவாயில்ல. நல்ல காரியத்துக்குத்தான நின்னோம்." கையில் தயாராக வைத்திருந்த கைபேசியைப் பைக்குள் போட்டு, பையின் வாயைக் கவனமாக மூடினார். மூடிய பிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது.

குனாடி மனைவியின் தோளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

சுலாசி தங்கள் ஊர் இருக்கும் கிழக்குச் சுவரைப் பார்த்தாள். கருப்பாக, உயரமாக நின்றது. அவள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் ஒரு குன்று உண்டு. காலையில் வாசலில் வெயில் அடிக்கும்போது வகுப்பை நோக்கி ஓடினால், சூரியன் குன்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மணி அடிப்பதற்குள் திரும்பவும் எட்டிப் பார்க்கும். அவளும் தோழிகளும் தினமும் விளையாடும் விளையாட்டு அது. இந்தச் சுவர் எத்தனை பெரிய குன்று!

"மாமா! மேல அஞ்சரைக்குச் சூரியன் வரும். இங்க எப்ப வரும்?"

"அரை மணி கழிச்சு. சுவரு மறைக்குதுல்ல."

"அப்ப நமக்கு இன்னும் நேரம் இருக்கு! அம்மா, உங்களுக்கு எத்தன விடியல் வேணும்?"

"என்ன கண்ணு சொல்ற?"

"ஒண்ணா, ரெண்டா? சொல்லுங்க, மாமா வண்டி ஓட்டுவாரு."

"பாவம், பிள்ளைக்குக் குளிர் தலைக்கேறிடுச்சு," என்றார் குனாடி.

"உங்க பன்ன ஒரு நிமிஷம் குடுங்க, ஐயா." ராத்மினி கடையிலிருந்து கொண்டுவந்த உருண்டை பன் ஒன்று அவர் கையில் இருந்தது. சுலாசி அதை ஜீப்பின் மூக்கு மேல் வைத்தாள். "இதுதான் சுவரு." பின்பக்கம் கைவிளக்கைப் பிடித்தாள். "இதுதான் சூரியன். இப்ப என் விரலப் பாருங்க, இதுதான் நம்ம ஜீப்பு. பன்னுக்குத் தள்ளி இருக்கு. சூரியன் கொஞ்சம் ஏறினதும் விரல் மேல வெளிச்சம் விழுதா? விடிஞ்சிருச்சு! இப்ப விரலப் பன்னுகிட்டக் கொண்டு போறேன்…"

விரல் மீண்டும் நிழலுக்குள் போனது.

"சூரியன் மறைஞ்சிருச்சு!" என்றான் ஒரு மாணவன்.

"ஆமா. இப்பப் பேசாம நின்னா சூரியன் இன்னும் ஏறும். மறுபடி விடியும். நிழல் மெதுவாத்தான் பின்வாங்கும். ஜீப்பு அதவிட வேகமாப் போகும். சுவரு கிட்டப் போற வரைக்கும் விடிஞ்சுகிட்டே இருக்கும்!"

மாமா பன்னைப் பார்த்தார். கைவிளக்கைப் பார்த்தார். "இருபது வருஷமா இந்த மணல்ல வண்டி ஓட்டறேன். எனக்கு இது தோணல பாரு."

"நீங்க அந்த நேரத்துக்கு எப்பவும் மேலதான மாமா இருப்பீங்க?"

அவர்கள் கிழக்கே திரும்பி, பழைய சக்கரத் தடத்திலேயே நின்று காத்திருந்தார்கள். முதலில் பின்னால் மேற்குச் சுவரின் உச்சி பொன்னிறமானது. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில் வழிந்து இறங்கியது. பிறகு மணலில் இறங்கி அவர்களை நோக்கி வந்தது.

"இப்ப முன்னால பாருங்க. முதல் பொட்டு மட்டும் பாக்கணும். பெருசானதும் கண்ணத் திருப்பிரணும், கூசும்," என்றாள் சுலாசி.

சுவரின் விளிம்பில் ஒரு பொட்டு நெருப்பு தோன்றியது.

ராத்மினியின் முகம் முழுவதும் பொன்னிறமானது. பொட்டு பெருத்து, துண்டாகி, கண் கூசத் தொடங்கியதும் திரும்பிக்கொண்டார்.

"ரொட்டி வேகற மாதிரியே இருக்கு," என்றார். "மேல்பக்கம்தான் முதல்ல சிவக்குது."

"ஏறுங்க, ஏறுங்க!" என்று கத்தினாள் சுலாசி.

ஜீப் பாய்ந்தது. எதிரே சூரியன் தேய்ந்தது, சுருங்கியது, சுவருக்குப் பின்னால் விழுந்தது. சுற்றிலும் மறுபடி நீல இருட்டு.

"அடேய், காலங்காத்தாலயே சாயங்காலம் ஆயிடுச்சு!" குனாடி இருக்கையில் எழுந்து நின்றார். தூக்கம் எங்கே போனதோ. "நிறுத்து, நிறுத்து, இங்கயே நிறுத்து!"

மாமா நிறுத்தினார். பின்னாலேயே வந்த மஞ்சள் ஜீப்பும் நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மறுபடியும் அதே பொட்டு.

"ரெண்டு!" என்று ஒன்பது குரல்கள் கத்தின.

மூன்றாவது முறை, ராத்மினி இன்ஜினை நிறுத்தச் சொன்னார். யாரும் பேசவில்லை. காற்றில் மணல் மெல்லச் சரசரத்தது. மேலே ஊரில் சேவல் கூவியது. பொட்டு தோன்றியபோது ராத்மினி தன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அதற்கு வணக்கம் சொல்வதுபோல் லேசாகத் தலையசைத்தார். சுலாசிக்கும் பேச நிறைய இருந்தது. ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. மாமா ஆச்சரியமாக அவளைப் பார்த்தார்.

நான்காவதற்குச் சுவருக்கு வெகு அருகில் போய்விட்டார்கள். அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. நேரமும் அதிகம் பிடித்தது. தார்ஜி ஜீப்பின் கூரையைத் தாளமாகத் தட்டினான், மாணவர்கள் பாடினார்கள், குனாடி பாதி பன்னைக் கையில் வைத்துக்கொண்டு ஆடினார். பொட்டு வந்ததும் எழுந்த ஆரவாரத்தில், சுவருக்கு மேலே வெங்காயத்தாள் பறித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

"அஞ்சாவது?" என்று கேட்டார் மாமா, ஆசையாக.

"இதுக்கு மேல போனா சுவருல முட்டிருவோம், மாமா."

வெயில் ஏறியதும், மணலோரத் தள்ளுவண்டியில் எல்லோரும் சூடாக இறைச்சி உருண்டை சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே போன ஜீப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒரு வயதான ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, ராத்மினியைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"கீழயே மாட்டிக்கிட்டீங்களாமே. ஐயோ பாவம், இவ்வளவு தூரம் வந்து விடியலப் பாக்காமப் போறீங்களே."

ராத்மினி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சுங்க," என்றார். "ஆனா எனக்கு மூணாவதுதான் ரொம்பப் பிடிச்சுது."