வேலியோரத்துக் கண்வலிக்கொடி

"ஏனுங்க... ஏனுங்க! வெட்டாதீங்க!"

பைக்கை அப்படியே சாய்த்துவிட்டு ஓடிவந்தான் சீனிவாசலு. பல்லடம் தாண்டி ஒரு தோட்டத்து வேலி. சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூத்துக் கிடந்த கண்வலிக்கொடியை, அதாவது செங்காந்தளை, அரிவாளால் வெட்டிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். அம்மாடி... எத்தனை பெரிய கண்கள்! அத்தனையும் கோபம்.

"எங்க வேலி. நீங்க யாருங்க?"

"கோயமுத்தூர் மருந்துக் கம்பெனிக்கு விதை வாங்கறனுங்க. மூட்டு வீக்கத்துக்கு இந்த விதையிலதான் மாத்திரை செய்யறாங்க. வெளிநாட்டுக்கெல்லாம் போகுதுங்க!"

"போகட்டும். எங்களுக்கு வேண்டாமுங்க."

வெட்டி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள் கீதா. அவனோ அந்தக் கண்களில் விழுந்துவிட்டான், பாவம்.

பக்கத்துத் தோட்டத்தில் விதை வாங்கும் சாக்கில் வாரம் தவறாமல் வந்தான். மருந்து, மருந்து என்று அளந்தான். அவள் தண்ணீர் கொடுப்பாள்.

"விதையப் பாக்க வந்தீங்களா... என்னையப் பாக்க வந்தீங்களா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டு அவளே முகம் சிவந்து உள்ளே ஓடினாள். ஆனால் ஒரு வாய் காப்பி? மூச்! வழிப்போக்கனைக்கூடச் சாப்பிடாமல் அனுப்பாத ஊர் அது. அவனை மட்டும் வெறும் வயிற்றோடு அனுப்பினாள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நனைந்து வந்து வாசலில் ஒதுங்கினான். துண்டு கொடுத்தாள். அவ்வளவுதான். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"நாங்க நாயுடுமாருங்க. அதனால உங்க ஊட்டுல கை நனைக்கக் கூடாதுங்களா? சொல்லிப்போடுங்க... இனி இந்தப் பக்கமே வரல."

"சாதியா?" அவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். "எங்கப்பாவுக்கே நான் ஆக்கிப் போடறதில்லீங்க. அவரேதான் பொங்கிக்கறாரு."

"ஏனுங்க?"

"எனக்குப் பன்னெண்டு வயசு. அம்மா காட்டுலருந்து பசியா வந்தாங்க. வேலியோரம் தோண்டி வேக வெச்சுக் குடுத்தேன். சக்கரவள்ளின்னு நெனச்சுப்போட்டனுங்க... அது கண்வலிக்கிழங்கு. மூணாம் நாளு போயிட்டாங்க. நான் பொறக்கறப்ப வலி எடுக்கோணும்னு அம்மா உள்ளங்கால்ல அதைத்தான் அரைச்சுப் பூசுனாங்களாமா. என்னையக் கொண்டாந்த கிழங்கே அவங்களக் கொண்டுபோயிருச்சு..."

இவளிடமா மருந்து, மருந்து என்று பீற்றினோம்! அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"அப்ப நீங்க சின்னப்புள்ளைங்க கீதா... உங்க மேல என்ன தப்பு? நீங்க எது குடுத்தாலும் நான் சாப்பிடறனுங்க."

"வேண்டாமுங்க!" பதறிப் பின்வாங்கினாள். "வேற யாராச்சுமா இருந்தா, மனசைக் கல்லாக்கிட்டு எப்பவோ ஆக்கிப் போட்டிருப்பேன். உங்களுக்கு முடியாதுங்க... உங்களையும் தொலைச்சுப்போட்டு என்னால இருக்க முடியாது."

சொல்லிவிட்டாள். மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் ஈரத் துண்டைத் துணிக்கொடியில் போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"அரிசி எங்கிருக்குதுங்க, அம்மணி? நான் ஆக்கறேன், நீங்க சாப்பிடுங்க. நீங்க சரின்னா... காலத்துக்கும் நானே ஆக்கிப் போடறனுங்க."

கீதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் தடுக்கவில்லை.