வீட்டைக் காலி செய்யும் வாசனை

மிதுனா இரண்டாவது முறை தோற்றது ஒரு செத்த எலியால்.

நிஜ எலி அல்ல, எலியின் வாடை மட்டும். மணப்பேழையில் அவளே அளவு பார்த்துக் கலந்து வைத்த வாடை. வெளியிலிருந்து தேர்வாளர் ஹேமபிரியா பொத்தானை அழுத்தினார். சிங்காநல்லூரில் தேர்வுக்கு ஒப்புக்கொண்டிருந்த அந்தக் குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தது. அதுவரை சரிதான். எழுந்தவர்கள் வாசலுக்கு வரவேண்டுமே! பெரியவர் டார்ச்சைத் தேடினார், மகன் பீரோவை நகர்த்தினான், மருமகள் நாற்காலி போட்டுப் பரணில் ஏறினாள். வெளியே மிதுனா கையைப் பிசைந்துகொண்டு நிற்க, உள்ளே ஒரு குடும்பமே ஒற்றுமையாக எலி தேடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடக் கெடு முடிந்ததும் ஹேமபிரியா தன் திரையில் சிவப்பைத் தட்டினார்.

"நிஜக் கசிவா இருந்திருந்தா பீரோவும் போயிருக்கும், அவங்களும் போயிருப்பாங்க," என்றார்.

முதல் முறை பால் தீய்ந்த வாசனை. அதை நினைத்தால் மிதுனாவுக்கு இப்போதும் முகம் சிவக்கும். அந்த வீட்டின் ஆண்கள் இருவரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "என்னமோ தீயுது பாரு!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு மறுபடி திரையைப் பார்க்கத் தொடங்கினார்கள். வீட்டுக்காரம்மாள் ஓடினாள். எங்கே? நேராக அடுப்பை நோக்கி.

கோயம்புத்தூரின் அடுப்பெல்லாம் ஹைட்ரஜன் எனும் நீரகத்துக்கு மாறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வெயிலைக் கொண்டு தண்ணீரைப் பிளந்து, அதில் கிடைக்கும் வாயுவைக் குழாய் வழியாக வீடு வீடாக அனுப்புகிறார்கள். புகை இல்லை, கரி இல்லை. நிறமும் மணமும்கூட இல்லை. பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலையே கண்ணுக்குத் தெரியாது. பழைய சிலிண்டர் வாயுவில் கலந்த நாற்றச் சரக்கை இதில் கலக்க முடியவில்லை. அதே வாயுவில் ஓடும் வீட்டு மின்கலங்களை அது பாழாக்கிவிட்டது. சரி, கசிவைக் கண்டால் கத்தும் கருவி வைப்போம் என்றார்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் மிளகாய்த் தாளிப்புக்கும் கத்திக் கத்தி, அதன் வாயை மக்களே துணி வைத்து அடைத்துவிட்டார்கள். ஏற்கெனவே வீட்டில் குளிர்பெட்டி கூவுகிறது, துவைப்பான் கூவுகிறது, சாவி கூவுகிறது. இதையும் யார் கேட்பது? காதை மூடிக்கொள்ளத் தெரிந்த மனிதனுக்கு மூக்கை மூடிக்கொண்டு வாழத் தெரியாது என்பதைக் கண்டுபிடித்தவர்கள்தான் மணப்பேழையைச் செய்தார்கள்.

குழாயில் அழுத்தம் துளி குறைந்தாலும் பேழை திறந்து, அந்த வீட்டுக்கென்று குறித்து வைத்த வாசனையை விடும். என்ன வாசனை என்பது வீட்டுக்கு வீடு வேறு. எல்லோருக்கும் ஒரே நாற்றம் என்று வைத்தால் பழகிப்போய்விடும். ஆகவே இல்ல எரிவாயுப் பொறியாளர் உரிமம் வேண்டுமென்றால் குழாய் பொருத்தத் தெரிந்தால் போதாது. அந்த வீட்டு ஆட்களையும் அவர்கள் மூக்கையும் படித்து, அத்தனை பேரையும் வெளியே கொண்டுவரும் வாசனையைப் பொருத்தவும் தெரியவேண்டும்.

குழாயில் மிதுனாவை யாரும் மிஞ்ச முடியாது. தலைமுடி நுழையாத இடத்திலும் நீரகம் நுழையும். அவள் இறுக்கிய மூட்டுகளில் சோப்புநீர் பூசிப் பார்த்த பயிற்சியாளர்கள் ஒரு குமிழியைக்கூடக் கண்டதில்லை. உரிமத்துக்குப் படிக்கப் பயிலகத்துக்கு வருமுன் பத்து வருடம் உரிமம் பெற்றவர்களிடம் உதவியாளாக இருந்தவள். மூட்டு அவளுடையது, கையெழுத்து அவர்களுடையது. "நீ போட்டா அது பாறையாட்ட இருக்குமே அம்மிணி," என்று பாராட்டிவிட்டுத் தங்கள் பெயரை எழுதிக்கொள்வார்கள். என் வேலையில் என் பெயர் இருக்கவேண்டும் என்ற ஒரே வெறியில்தான் முப்பத்தைந்து வயதில் பயிலகத்தில் சேர்ந்தாள். மூன்று முறைதான் வாய்ப்பு. இதிலும் தோற்றால் ஆயுள் முழுக்க உதவியாள்தான்.

மூன்றாவது தேர்வுக்குக் கிடைத்தது பீளமேட்டில் சதீஷ்குமாரின் வீடு. கணவன், மனைவி கவிதா, கல்லூரியில் படிக்கும் மகன் ரிஷ்வந்த். விதிப்படி ஒரு பகல் முழுவதும் அவர்களோடு இருந்து பார்க்கலாம். மிதுனா மூவருக்கும் நுகர்மானியின் பட்டையை நெற்றியில் கட்டி, ஒவ்வொரு வாசனையாக விட்டுப் பார்த்தாள். எந்த வாசனைக்கு மூளை எவ்வளவு துள்ளுகிறது என்று கருவி கோடு போட்டுக் காட்டியது. சதீஷ்குமாருக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. கவிதாவுக்கு மழைக்கு முந்திய மண். ரிஷ்வந்துக்கு எதற்கும் பெரிதாகத் துள்ளவில்லை, பாவம், பாதித் தூக்கத்தில் இருந்தான். கருவி கடைசியில், மூவருக்கும் பொதுவாக மின்கம்பி எரியும் வாசனையைப் பரிந்துரைத்தது.

மிதுனா தலையில் கை வைத்துக்கொண்டாள். கம்பி எரிந்தால் இந்த மனிதர் ஸ்குரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு சுவிட்ச் பலகைக்கல்லவா போவார்! மூக்கு எங்கே திரும்பும் என்று இந்தக் கருவிக்குத் தெரிகிறது, கால் எங்கே போகும் என்று தெரியவில்லையே!

மதியச் சாப்பாட்டுக்குப் பின் மொட்டை மாடியில் எரிவாயு அளவுமானியின் இணைப்பைப் பார்க்கப் போனாள். படியில் எதிரே ரிஷ்வந்த் வந்தான். வாய் நிறைய ஏலக்காய். அவள் கையிலிருந்த நுகர்மானியைப் பார்த்ததும் பையன் வெலவெலத்துப் போனான்.

"அக்கா, அது காட்டிக் குடுத்துருமுங்களா?"

"எதைச் சாமி?"

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க்கா. ஒண்ணே ஒண்ணுதான். சத்தியமா."

மிதுனா சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே வந்தாள். அங்கே சதீஷ்குமார் அவளுக்காகவே காத்திருந்தவர்போல நாற்காலியை இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கோணும். என்ற பையன் சிகரெட் குடிக்கறானான்னு உங்க மெசினுல பாத்துச் சொல்ல முடியுங்களா? ஒருநா கையுங்களவுமாப் புடிச்சேன்னு வைங்க, தொலச்சுப்போடுவேன்."

"ஆமா, நீங்க தொலைப்பீங்க, நா சும்மா பாத்துட்டு இருப்பேன்!" என்று உள்ளிருந்து வந்தது கவிதாவின் குரல். "பையன் மேல கைய வெச்சுப் பாருங்க, தெரியும்."

மிதுனாவின் கையிலிருந்த காப்பி ஆறிப்போனது. அவள் மனதுக்குள் மூன்று பேரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் ஒரே திசையில்.

அன்று மாலை பயிலகத்தில் அவள் கலவைக் குறிப்பை நீட்டியதும் ஹேமபிரியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"சிகரெட்டா? கேஸ் கசியற வீட்டுலயா? இது எரிவாயு வாரியத்தோட வாசனை வரிசைலயே இல்லையேம்மா."

"வாசனை மட்டுந்தானுங்க மேடம், நெருப்பு இல்லீங்களே. வரிசைல இருக்கறத ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டனுங்க."

"கருவி கம்பி வாசனைன்னு சொல்லுது. அதைப் போட்டுத் தோத்தாலும் மேல்முறையீடு பண்ணலாம். இதைப் போட்டுத் தோத்தா ஒண்ணும் பண்ண முடியாது. யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டனுங்க."

ஹேமபிரியா விதிப்புத்தகத்தை எடுத்தார். கறார் ஆள்தான், ஆனால் நியாயமானவர். புதுக் கலவைக்கு விதியில் தடை இருக்கிறதா என்று அவரே தேடிப் பார்த்தார். தடை இல்லை. ஒப்புதல் தந்தார்.

தேர்வன்று காலை இருவரும் தெருமுனையில் நின்றார்கள். ஹேமபிரியா பொத்தானை அழுத்தினார். மணப்பேழை திறந்தது. வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று மிதுனா கண்ணை மூடிக்கொண்டாள்.

கதவு படாரென்று திறந்தது. முதலில் வந்தவன் ரிஷ்வந்த். தன் அறையில் தானாகவே சிகரெட் மணப்பதை முகர்ந்த பையன், நான் இங்கே இல்லவே இல்லை என்று காட்டினால்தான் பிழைக்க முடியுமென்று புரிந்துகொண்டு, செருப்புகூடப் போடாமல் பிடரியில் கால்படத் தெருவுக்கு ஓடிவந்தான். அவன் பின்னால் லுங்கியைத் தூக்கிக் கட்டியபடி சதீஷ்குமார். பத்து வருடமாக மூட்டுவலிக்காரர் என்று கவிதா சொல்லியிருந்தாள், அப்படித் தெரியவில்லை.

"டேய், நில்றா! இன்னிக்கு மாட்டுனடா! எங்கடா ஒளிச்சு வெச்சுருக்கற?"

"அப்பா, நா இல்லப்பா! ஆண்டவன் மேல சத்தியமா நா இல்லப்பா!"

அவர்களுக்குப் பின்னால் கரண்டியும் கையுமாகக் கவிதா. "அவன அடிச்சீங்கன்னா பாத்துக்கங்க! எட்டி நில்லுங்க சொல்றேன்!"

மூவரும் வாசலைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, தெருவின் நட்டநடுவில் வந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். வீடு காலி. கெடுவில் பாதிகூட ஆகவில்லை. ஹேமபிரியா நேரத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், அடக்க முடியாமல் தெருவிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரையில் பச்சையைத் தட்டினார்.

மிதுனா அழுதாள். வெட்கமே இல்லாமல், தெருவே பார்க்க அழுதாள். மறுவாரம் உரிமத் தகடு கைக்கு வந்தது. 'மிதுனா, இல்ல எரிவாயுப் பொறியாளர்' என்று பொறித்த எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அதன் பிறகு அவள் இறுக்கிய மூட்டின் கீழே அவள் பெயர்தான் இருந்தது.

சேதி பரவியது. முதலில் பீளமேடு, பிறகு கோயம்புத்தூர், பிறகு ஈரோடும் திருப்பூரும். மகன் இருக்கும் வீடு, மகள் இருக்கும் வீடு, மருமகன் மாமனாரோடு தங்கியிருக்கும் வீடு, எதில் பொருத்தினாலும் அந்த வாசனை வேலை செய்தது. ஒருவர் பழியிலிருந்து தப்ப ஓடினார், ஒருவர் பழிபோட ஓடினார், ஒருவர் சமாதானம் செய்ய ஓடினார். ஆக மொத்தம் எல்லோரும் வெளியே. கசிவில் சாவு என்ற செய்தியே செய்தித்தாளில் வராமல் போயிற்று. வாரியம் மிதுனாவைத் தலைமைத் தேர்வாளர் நாற்காலியில் உட்கார வைத்தது. ஓய்வு பெற்றுப் போன ஹேமபிரியா அந்த நாற்காலிக்குத் தானே மாலை போட்டுவிட்டுத்தான் போனார்.

இதில் யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. தெருவில் எவனாவது ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தால் போதும், இரு பக்கத்து வீடுகளும் காலியாகும். கசிவோ என்று எரிவாயு வண்டி சங்கு ஊதிக்கொண்டு வரும். அத்தனை பேரும் அந்த ஒருவனைச் சூழ்ந்துகொண்டு வறுத்தெடுப்பார்கள். புகைக்க ஒதுங்கும் இடங்களில் டீக்கடை ஓரம் போனது, பேருந்து நிலையம் போனது, மொட்டை மாடியும் போனது. எத்தனையோ காலம் சிகரெட் பெட்டியில் பயங்காட்டும் படம் போட்டும் நடக்காதது இந்த வாசனையால் நடந்தது. கடைசிப் பெட்டிக்கடைக்காரர் கடைசிப் பெட்டியைக் குப்பையில் கொட்டியபோது ஊரே கொண்டாடியது. நல்வாழ்வுத் துறை மிதுனாவுக்கு ஒரு பெரிய விருது கொடுத்தது. அவளும் அதை மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டாள். பொய்ப் பணிவெல்லாம் அவளுக்கு வராது.

இருபது வருடம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வடவள்ளியில் வழக்கமான மறுசோதனை. புதிதாகக் குடிவந்த இளம் தம்பதி. கணவன் பெயர் அகிலன், மனைவி நேத்ரா, இரண்டாவது படிக்கும் மகள் ஒருத்தி. மிதுனா தெருவில் நின்று பொத்தானை அழுத்தினாள். மணப்பேழை திறந்தது.

யாரும் வரவில்லை. அவள் பொறுத்துப் பார்த்தாள். கெடு முடிந்தது. வாசனை தெருவரைக்கும் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. கலவை கெட்டுவிட்டதோ என்று பதறிப்போய்க் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த அகிலன் முகமெல்லாம் சிரிப்பாக நின்றான். "வாங்க மேடம். வீட்டுல என்னமோ புது ஊதுவத்தியாட்ட மணக்குதுங்க. எங்கிருந்து வருதுன்னே தெரியல. நல்லாருக்குதில்லீங்க?"

பின்னால் மகள் மூச்சை இழுத்துவிட்டு, "சூப்பரா இருக்குப்பா," என்றாள்.

மிதுனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சிகரெட்டை ஒழித்த ஊரில் வளர்ந்தவர்கள் இவர்கள். அந்த வாசனைக்குப் பின்னால் ஒரு திட்டும் அடியும் பொய்ச் சத்தியமும் இருந்ததெல்லாம் இவர்களுக்கு எப்படித் தெரியும்? இவர்களைப்போல இன்னும் எத்தனை வீடு!

இருந்தாலும் அவள் பொறியாளர். நாற்காலியில் உட்கார்ந்து, நுகர்மானியைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"தம்பி, உங்க வீட்டுல யாருக்கு யாரக் கண்டா பயம்?"

"பயமுங்களா?" அகிலன் மனைவியைப் பார்த்தான். "அப்படி ஒண்ணும் இல்லீங்களே."

"பாப்பா, அப்பாவுக்குத் தெரியாம நீ எதாச்சும் பண்ணுவியா?"

"எதுக்கு ஆன்ட்டி? சொல்லிட்டே பண்ணுவேன்."

"சரி, இவரு திட்டுனா நீங்க என்ன பண்ணுவீங்கம்மா?"

நேத்ரா சிரித்தாள். "அவரு எதுக்குங்க்கா திட்டறாரு?"

மிதுனா விடவில்லை. மாமனார், மாமியார், பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லாப் பக்கமும் தோண்டிப் பார்த்தாள். யாரிடமிருந்தும் யாரும் ஓடவேண்டிய காரணம் அந்த வீட்டில் ஒன்றுகூட அகப்படவில்லை. இப்படி ஒரு வீட்டில் பிறந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கே ஏக்கமாக இருந்தது. நேத்ரா கொண்டுவந்து வைத்த காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

பிறகு எழுந்து வெளியே வந்து, பையிலிருந்து சிவப்பு வில்லையை எடுத்து வாசற்கதவில் ஒட்டினாள். அதில் 'இந்த வீடு பாதுகாப்பானதல்ல' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே பொறியாளரின் பெயருக்கென விட்டிருந்த இடத்தில் மிதுனா என்று எழுதினாள்.

"ஏனுங்க மேடம்," என்றான் அகிலன், ஒன்றும் புரியாமல். "நாங்க என்னுங்க தப்பு பண்ணுனோம்?"