துணைக்கு எடுத்த கல்

மழை இல்லை. பனியும் இன்னும் இறங்கவில்லை. ஆனாலும் புல்லட்டின் பின் சீட் மட்டும் நனைந்திருந்தது. ஆதிகேசவன் உள்ளங்கையால் வழித்துப் பார்த்தான். குளிர்ந்த தண்ணீர். விரலை மூக்கருகே கொண்டுபோனால் லேசாக நல்லெண்ணெய் வாசனை. முன் சீட்டில் காலையில் படிந்த தூசி அப்படியே இருந்தது. யாரோ ஈரத் துணியோடு பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்கிப் போனமாதிரி இருந்தது.

"எவன்டா வண்டி மேல தண்ணி ஊத்தனது?" என்று சத்தம் போட்டான். பிள்ளையார்பாளையத்துத் தெருவில் அந்த நேரத்தில் யார் காதில் விழும்? இரண்டு பக்கமும் தறிச் சத்தம். அவன் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

போகி தொடங்கிக் காணும் பொங்கல் வரை கிடைக்கிற நாலு நாள் லீவில் மோட்டார் சைக்கிளில் சிலோன் போய்வருவது என்று முடிவாகியிருந்தது. மண்டபம் வரைக்கும் ரோடு. அங்கே வண்டிகளை ரயிலில் ஏற்றிப் பாம்பனைத் தாண்டி, ராமேஸ்வரத்தில் கப்பல் பிடித்து, தலைமன்னாரில் இறங்கினால் நேரே கண்டி. கேட்டவர்கள் சிரித்தார்கள். நாலு நாளில் மதுரைக்குப் போய்வந்தாலே இடுப்பு ஒடிந்துவிடும், இவனுங்க கடலைத் தாண்டப் போறானுங்களாம் என்று டீக்கடைக் காசிநாதன் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான். சொல்லட்டுமே! ஜக்கார்டு தறியின் டிசைன் அட்டையில் ஓட்டை அடித்து அடித்து, நாள் முழுக்க ஓட்டைகளையே பார்க்கிற கண்ணுக்கு ஒரு தடவையாவது வேறு நாட்டு ரோடு தெரியட்டும் என்று ஆதிகேசவனுக்கு அப்படி ஒரு வெறி. பாஸ்போர்ட்டுக்காக மெட்ராஸுக்கு அலைந்த அலைச்சலில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று மனைவி அலமுகூடக் கிண்டல் பண்ணினாள்.

போகிறவர்கள் மூன்று பேர். ஒலிமுகமதுபேட்டையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் கியாசுதீன், தன் ஜாவாவில். அவன் பின்னால் பழனி. பழனி அலமுவின் தம்பி, இன்னும் மீசை சரியாக முளைக்காதவன். ஆதிகேசவன் மட்டும் மூட்டை முடிச்சோடு புல்லட்டில் தனியாக.

தடங்கல் மாமியார் ஜெயம்மாளிடமிருந்து வந்தது. புருஷன் போன பிறகு பழனியைக் கூட்டிக்கொண்டு மகள் வீட்டோடு வந்துவிட்டவள். பெற்ற ஆண் பிள்ளைகளில் தங்கியவன் பழனி ஒருவன்தான். அவன் தெருமுனைக்குப் போய்த் திரும்ப நேரமானாலே அவள் வாசலுக்கு வந்து நின்றுவிடுவாள்.

"உங்களை நம்பித்தான் உடறேன் மாப்ளே. போனபடியே கொண்டாந்து என் கண்ணுல காட்டணும்."

"அவன் என் பொறுப்பு அத்தை. கவலைப்படாதீங்க."

"அதுவும் மூணு பேராவா கெளம்புவாங்க? ஒரு கல்லையாவது தொணைக்கு எடுத்துக்கினு நாலா எண்ணிப் போங்க."

மூன்று பேராக யாரும் ஒரு காரியத்துக்குக் கிளம்புவதில்லை. கிளம்பித்தான் ஆகவேண்டும் என்றால் வழியில் ஒரு கல்லைப் பொறுக்கி நாலாவது ஆளாக வைத்துக்கொள்வார்கள். பெண் பார்க்கப் போகிறவர்களே அப்படித்தான் போவார்கள். சாயங்காலம் வேகவதி ஆற்றுப் பக்கம் போன பழனி ஒரு கல்லோடு நேரே ஷெட்டுக்கு வந்தான். கைக்கு அடக்கமாக, கறுப்பாக, வழவழவென்று நல்ல கல். அதைப் புல்லட்டின் பின் சீட்டில் உட்காரவைத்தான்.

"மாமா, உங்களுக்குத்தான் பின்னாடி ஆள் இல்ல. இவரைக் கூட்டிக்கினு வாங்க" என்றான்.

கியாசுதீன் கைதட்டிச் சிரித்தான். ஆதிகேசவன் சும்மா இருந்தானா? கல்லுக்கு ஒரு கும்பிடு போட்டு, "வாங்க சார். எங்க கூடவே வாங்க. கண்டி வரைக்கும் வாங்க" என்று மூன்று தடவை மரியாதையாகக் கூப்பிட்டான். பிறகு வண்டியில் மாட்டியிருந்த கித்தான் பைக்குள் அதைப் போட்டான். மூன்று பேருக்கும் வயிறு வலிக்கிற சிரிப்பு.

மறுநாள்தான் சீட் நனைந்தது.

அன்று ஷெட்டில் எந்த ஊரில் சாப்பாடு, எங்கே பெட்ரோல் என்று பேசிக்கொண்டிருந்தபோது காசிநாதன் டீ கொண்டுவந்தான். நாலு கிளாஸ்.

"இன்னாபா, மூணு பேருக்கு நாலு?" என்றான் கியாசுதீன்.

"நாலு பேர் இருந்தீங்களே. அதோ வண்டி மேல ஒருத்தர் குந்திக்கினு இருந்தாரு. பூட்டாரா?"

"யாருபா?"

"மூஞ்சியை யார் பார்த்தா? தலைக்குக் குளிச்சிட்டு வந்தமாதிரி இருந்தாரு."

அவன் கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டான். கியாசுதீனும் பழனியும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆதிகேசவனும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. எழுந்திருக்கும்போது நாலாவது கிளாஸும் காலியாக இருந்தது. பழனி குடித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டான்.

வண்டியை ஒரு ஓட்டம் பார்த்துவிட வேண்டும் என்று முசரவாக்கம் வரை போனான். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரம். அறுத்துப் போட்ட வைக்கோலின் வாசனையும் எங்கோ அடுப்பு மூட்டிய புகையும் கலந்து ரோட்டின் மேல் படிந்திருக்க, எஞ்சின் சத்தம் புளியமரங்களில் மோதி மோதி இன்னொரு வண்டி கூடவே வருவதுபோல் அவன் காதுக்கே திரும்பிவர, ஒரு வளைவில் பின் ஸ்பிரிங் மெதுவாக, ஒரு ஆள் பார்த்துப் பதமாக உட்காருவதைப் போல, கீழே இறங்கியது. வண்டி இழுக்க மறுத்தது. பிடரியில் ஒரு சொட்டு தண்ணீர் விழுந்தது. கண்ணாடியில் இருண்டுகொண்டிருந்த ரோடு மட்டும் தெரிந்தது. இன்னொரு சொட்டு விழுந்து சட்டைக்குள் இறங்கியது. அவன் ஷெட் வரும்வரை ஆக்சிலேட்டரை விடவில்லை.

கியாசுதீன் குனிந்து பார்த்தான். "டபுள்ஸ் அடிச்சியா கேசவா? பின் ஸ்பிரிங் எப்படி ஒக்காந்துக்குது பாரு."

"தனியாத்தான் போனேன்."

"வெளையாடாத நைனா. யாரு ஒக்காந்தது?"

வண்டியில் தொங்கிய தண்ணீர்ப் பையைக் கிளம்பும்போது முட்ட முட்ட நிரப்பியிருந்தான். இப்போது அது காய்ந்து விறைத்துக் கிடந்தது. கியாசுதீனிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் பயணம் நின்றுவிடும் என்ற பயம் வேறு.

வீட்டிலும் ஆரம்பித்துவிட்டது. அன்று ராத்திரி வண்டி வாசலில் நின்றது. மறுநாள் காலையில் அலமு குடத்தைத் தட்டிக் காட்டினாள். "ராத்திரி ரொப்பி வெச்ச ரெண்டு கொடமும் காலி. யாருங்க குடிச்சது? வீட்ல மாடா கட்டிக்கினு இருக்கறோம்?" பழனி தன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். வாசல்படியிலிருந்து சமையலறை வரை ஈரம். ஒற்றைக் காலின் அகலத்துக்கு. ஆதிகேசவன் அதைக் கோணி போட்டுத் துடைத்தான்.

போகிக்கு முந்தைய நாள் பொழுது சாயும் வேளையில் மூட்டை கட்டினான். விடியற்காலை புறப்பாடு. கித்தான் பையைக் கவிழ்த்தபோது கல் உருண்டு காலடியில் வந்து நின்றது. பை முழுக்க ஈரம். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். நல்லெண்ணெய் வாசனை. ஒரு பக்கத்தில் சின்னக் குழி. குழிக்குள் ஒட்டியிருந்தது மண் இல்லை. கறுப்பு எள். ஒரு தர்ப்பைத் துணுக்கும்.

இந்த மாதிரிக் கல் அவனுக்குத் தெரியும். போன வருஷம் அப்பா போனபோது இதே வேகவதிக் கரையில் இப்படி ஒன்றைத்தான் ஊன்றினான். எரிந்த உடம்பை விட்டு வந்த உயிர் தாகத்தில் தவிக்கும் என்று, அதை அந்தக் கல்லுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, நாள் தவறாமல் எள்ளும் தண்ணீரும் விட்டான். பத்தாம் நாள் கல்லைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தான். யாரோ ஒருவருடைய கல்லை, காரியம் முடிவதற்குள், இந்தப் பையன் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டான். அந்தக் கல்லைத்தான் ஆதிகேசவன் வாய் நிறையக் கூடவே வரச் சொன்னான்.

தன்னைப் பற்றி அவனுக்குப் பயம் இல்லை. கையால் எடுத்தவன் பழனி. நாளைக்கு அதே ரோட்டில், அதே கப்பலில் பழனி. அத்தைக்கு என்ன பதில் சொல்வது? கல்லை இப்போதே ஆற்றில் போட்டுவிட வேண்டும். யாரிடமும் சொல்ல வேண்டாம். சொன்னால் அந்த அம்மாள் உயிரை விட்டுவிடுவாள்.

கல்லை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு வாசலுக்கு வந்து வண்டியை உதைத்தான். தெருவெல்லாம் பிள்ளைகள் போகி மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். முன்கூட்டியே எவனோ பழம்பாயைக் கொளுத்திவிட்டிருந்தான். கண்ணைக் கரிக்கிற புகை. கியர் போடும்போது பின் ஸ்பிரிங் இறங்கியது.

வந்துவிட்டது.

திரும்பிப் பார்க்கக்கூடாது. அப்பா காரியத்தில் சொல்லிக்கொடுத்தது அதுதான். என்ன கேட்டாலும் திரும்பக்கூடாது. வண்டியை விட்டான்.

"மாமா."

பழனியின் குரல். அச்சு அசல்.

"மாமா, எங்க போறோம்?"

ஆதிகேசவன் பல்லைக் கடித்தான். குரலைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறதே பாவி என்று நினைத்தான். பதில் சொன்னால் தொலைந்தோம். மேளச் சத்தம் தேய்ந்தது. வீடுகள் முடிந்தன. புகைக்குள் விளக்கு வெளிச்சம் இரண்டு முழத்துக்கு மேல் போகவில்லை.

"ஏன் மாமா பேச மாட்டேன்றீங்க? கோவமா?"

தோளில் ஒரு கை. சூடாக இருந்தது. அவன் தோளை உதறினான்.

ஆற்றங்கரை. மழைத் தண்ணீர் இன்னும் மடுவில் தேங்கிக் கிடந்தது. வண்டியை நிறுத்தினான். இறங்கினான். பின்னாலும் இறங்கியது. படியில் இறங்கினான். ஒரு படி பின்னால் செருப்புச் சத்தம். பாசி வழுக்கியது. அந்த மூச்சு அவன் காதோரத்தில்.

"மாமா, இங்க எதுக்கு?"

கல்லை அவிழ்த்தான். "போ. எங்களோட வர வேணாம். போயிடு. போ." வீசினான்.

தண்ணீரில் விழுந்த சத்தம்.

உடனே இன்னொன்று. பெரிய சத்தம். ஒரு ஆள் விழுந்தால் கேட்கிற சத்தம்.

"மாமா!"

தண்ணீர் அடிபட்டது. "மா..." அப்புறம் கொப்பளிப்பு. படியில் நகம் பிராண்டுகிற சத்தம்.

திரும்பக்கூடாது.

ஏறினான். ஒவ்வொரு படியாக. காதைப் பொத்திக்கொண்டு ஏறினான். மேலே வந்தபோது எல்லாம் அடங்கிவிட்டிருந்தது. தவளைகூடக் கத்தவில்லை.

வண்டி காகிதமாகப் பறந்தது. பின்னால் கனமே இல்லை. பிடரியில் ஈரம் இல்லை. ஆதிகேசவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முருகா, முருகா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினான். பையன் தப்பித்தான். நாளைக்குக் கண்டி வேண்டுமென்றாலும் போகலாம், வேண்டாமென்றாலும் விட்டுவிடலாம், என்ன கெட்டுப்போயிற்று?

வாசலில் ஜெயம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னா மாப்ளே இது? வெளையாட்டுக்கு ஒரு அளவு வேணாமா? புள்ளையைத் தண்ணியில தள்ளிட்டு நீங்க மட்டும் வண்டில வரீங்களே!"

"யாரை அத்தை?"

"யாரையா? நீங்க வண்டி எடுக்கசொல்ல ஓடியாந்து பின்னாடி குந்தனானே, நான் பார்த்துக்கினுதானே இருந்தேன். தெப்பலா நனைஞ்சி உங்களுக்கு முன்னாடி வந்துட்டான். வந்ததுல இருந்து தாகம், தாகம்ன்றான். வாயைத் தொறந்து வேற ஒண்ணும் பேச மாட்டேன்றான்."

ஆதிகேசவனின் தோளில், கை பட்ட இடத்தில், அந்தச் சூடு இன்னும் இருந்தது.

உள்ளே போனான். கால்கள் தாமாகப் போயின. பின்கட்டில் அரிக்கேன் விளக்கு. பழனியின் சட்டை. பழனியின் முதுகு. அது குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்திருந்தது. அலமு குடத்தைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. தொண்டை அசையவில்லை.

குடம் தீர்ந்தது. அலமு காலிக் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தன் புருஷனைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஜெயம்மாளுக்குத் தெரியவில்லை. "சளி புடிக்கப் போவுதுடா கண்ணு" என்று பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அந்தத் தலையை அழுத்தி அழுத்தித் துவட்டினாள். முந்தானை சொட்டச் சொட்ட நனைந்தது. அதைத் தள்ளிப் பிடித்து முறுக்கிப் பிழிந்தாள்.

பிழிந்த தண்ணீர் தரையில் விழவில்லை. பழனியின் முகத்தோடு அது அண்ணாந்து, கீழே வாயைத் திறந்து வைத்திருந்தது.

"பாத்தீங்களா மாப்ளே, இன்னும் கொழந்தைதான் இவன்" என்று சிரித்தபடி, ஜெயம்மாள் மறுபடி முந்தானையை முறுக்கினாள்.